விளிம்பில் இருந்த எண்

எடிட்டர் அசலைத் தொடுவதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோதும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அன்று எங்கள் கையில் ஓடியது ரஷ் பிரிண்ட். இன்று ஓடுவது ப்ராக்ஸி. இரண்டும் நகல்தான். நகல் என்பதால் துணிந்து வெட்டலாம், மாற்றி ஒட்டலாம், பிடிக்கவில்லை என்றால் பிரித்துப் பழையபடி சேர்க்கலாம். அசல் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற தெம்பு அது. ஆனால் படம் திரைக்குப் போக வேண்டுமானால் என்றாவது ஒருநாள் நகலை விட்டு அசலுக்குப் போயே ஆக வேண்டும். மாதக்கணக்கில் உட்கார்ந்து நகலில் போட்ட வெட்டுகள் ஒவ்வொன்றும், ஒரு ஃப்ரேம்கூடப் பிசகாமல், அசலில் அதே இடத்தில் விழ வேண்டும்.

அந்தத் திரும்புதல் அன்று வாரக்கணக்கில் நடந்தது, தவறியதை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். இன்று சில நொடிகளில் நடக்கிறது, அடிக்கடி தவறுகிறது. ஏன் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்க விரும்புகிறேன்.

கோடம்பாக்கத்தில் நான் உதவியாளனாகச் சேர்ந்த அறையில் ஒரு மூவியோலாவும் ஒரு ஸ்டீன்பெக்கும் இருந்தன. லேபில் நெகட்டிவைக் கழுவி, அதிலிருந்து ரஷ் பிரிண்ட் போட்டு, வட்டமான தகரக் கேன்களில் அனுப்புவார்கள். 1000 அடி ஓடி முடிய சுமார் 11 நிமிடம். 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், நொடிக்கு 24 ஃப்ரேம். உதவியாளன் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டிய கணக்கு அது.

அந்த ஃபிலிமின் ஓரத்தில், துளைகளுக்கு வெளியே, ஓர் எண் வரிசை இருக்கும். எட்ஜ் நம்பர். படப்பிடிப்பில் யாரும் அதைப் போடுவதில்லை. ஃபிலிம் செய்யும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்துவிடுவார்கள். கழுவும்போது படம் வெளிப்படுவதோடு எண்ணும் வெளிப்படும். ரஷ் பிரிண்ட் போடும்போது அந்த ஓரமும் சேர்ந்து நகலில் இறங்கும். ஆகவே எடிட்டிங் மேசையில் கிடக்கும் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், இது எந்த நெகட்டிவின் எந்த அடி என்று அதுவே சொல்லும். தன் விலாசத்தைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த துண்டு. இயக்குநரோ, கேமராமேனோ, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் உதவியாளனோ நினைத்தாலும் அந்த எண்ணை மாற்ற முடியாது.

ஒரு சிக்கல் உண்டு. எண் வருவது அடிக்கு ஒன்று. சண்டைக் காட்சியில் ஆறு ஃப்ரேம், எட்டு ஃப்ரேமுக்கெல்லாம் துண்டு விழும். அதில் எண்ணே இருக்காது. அந்தத் துண்டை வெட்டும் கணத்திலேயே, அடுத்திருக்கும் எண்ணிலிருந்து எத்தனையாவது ஃப்ரேம் என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும், அல்லது கிரீஸ் பென்சிலால் துண்டின் மேலேயே குறிக்க வேண்டும். விட்டுவிட்டால், பின்னால் ஒருவர் ரீல் முழுக்கக் கண்ணால் தேடித்தான் அந்த ஆறு ஃப்ரேமைக் கண்டுபிடிக்க வேண்டும். கை எந்தக் கோணத்தில் இருக்கிறது, பின்னால் போகிற ஆள் தூணைத் தாண்டிவிட்டாரா என்று ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்துப் பொருத்த வேண்டும். 1990-ல் கோடாக் கீகோடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எண்ணோடு பார்கோடும் சேர்ந்தது, கருவியே படித்துக்கொண்டது. கோடாக் ஃபிலிம் என்றால் எண்ணின் தொடக்கத்தில் கே, ஃப்யூஜி என்றால் எஃப். அடிக்கு நடுவிலும் ஒரு குறி வந்ததால் குட்டித் துண்டுகளின் கஷ்டம் பாதியானது.

நெகட்டிவ் கட்டிங் அறைக்கு நான் முதலில் போனது ஒரு கேனைக் கொடுத்துவிட்டு வரத்தான். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏசி, பேச்சுச் சத்தம் இல்லை, எல்லோர் கையிலும் வெள்ளை உறை. சின்க்ரனைசரில் ஒரு பல்சக்கரத்தில் எடிட் முடிந்த பாசிட்டிவ், பக்கத்துச் சக்கரத்தில் நெகட்டிவ். இரண்டு எண்ணும் நேருக்கு நேர் வந்ததும் கத்தரிக்கோல். பிறகு மருந்தைச் சுரண்டி, சிமென்ட் தடவி ஒட்டுவார்கள். அந்த ஒட்டுக்கு வெட்டின் ஓரத்தில் உள்ள அடுத்த ஃப்ரேம் பலியாகும். அதனால் ஒரே ஷாட்டை நடுவில் வெட்டி இரண்டு இடத்தில் வைக்க நினைக்கும் எடிட்டர், நடுவில் ஃப்ரேம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். அதே ஷாட் ஃப்ளாஷ்பேக்கில் திரும்ப வருகிறதென்றால் தனியாக டூப் நெகட்டிவ் போட வேண்டும். அசல் ஒன்றுதானே இருக்கிறது.

அங்கே தலைமையாக இருந்த பெரியவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, பாசிட்டிவ்ல உங்க டைரக்டர் எத்தனை தடவ வேணா மாத்தட்டும். இங்க வர்றப்ப முடிவு பண்ணிட்டு வரச் சொல்லு. நான் கத்திரி வெச்சா வெச்சதுதான்." அவர் மிரட்டவில்லை. நெகட்டிவ் வெட்டியபின் ஷாட்டைக் குறைக்கலாம், நீட்ட முடியாது. நீட்டினால் ஒட்டுப் போட்ட இடத்தில் ஃப்ரேம் குறைந்து படம் குதிக்கும். படத்தின் டைட்டிலில் 'நெகட்டிவ் கட்டிங்' என்று ஒரு பெயர் ஓடும். தியேட்டரில் அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் எடிட்டர் சார் அந்தப் பெரியவருக்குக் கொடுத்த மரியாதையை வேறு பலருக்குக் கொடுத்துப் பார்த்ததில்லை.

பிறகு கம்ப்யூட்டரில் எடிட் செய்யும் அவிட் வந்தது. 1994-ல் வெளியான 'மகாநதி'தான் இந்தியாவில் அவிட்டில் எடிட் ஆன முதல் படம் என்று எங்கள் வட்டாரத்தில் சொல்வார்கள். ஃபிலிமை டெலிசினியில் ஓட்டி பீட்டாகேம் டேப்பில் ஏற்றி, டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவோம். இங்கேதான் ஓர் எண் மூன்றானது. ஃபிலிமின் கீகோடு, டேப்பின் டைம்கோடு, கம்ப்யூட்டரில் இருக்கும் கிளிப். ஃபிலிம் 24 ஃப்ரேம். நம் ஊர் பி.ஏ.எல். வீடியோ 25 ஃப்ரேம். சரிக்கட்ட ஃபிலிமை 25-ல் ஓட்டினால் சுமார் 4 சதவீதம் வேகம் கூடும், குரல் மெல்லிசாகும். எல்லாம் முடிந்து வெளியே வரும் கட் லிஸ்டில் இந்தக் கணக்குகளில் ஒன்று தப்பினாலும், நெகட்டிவ் கட்டரின் மேசையில் கிளாப் அடிக்கிற ஃப்ரேம் வந்து நிற்கும்.

இந்தப் பயம் கோடம்பாக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. வால்டர் மர்ச் 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தைப் பாதியில் ஃபிலிமிலிருந்து அவிட்டுக்கு மாற்றினார். அதற்கு ஆஸ்கர் வாங்கினார். அவரே 2003-ல் வந்த 'கோல்ட் மவுன்டன்' படத்தை ஃபைனல் கட் புரோவில் எடிட் செய்யப் போகிறார் என்றதும் எழுந்த முதல் கேள்வி, அந்த மென்பொருளில் நன்றாக வெட்ட முடியுமா என்பதல்ல. வெட்டியதை வைத்துக்கொண்டு ஃபிலிமுக்குப் பிழையில்லாமல் திரும்ப முடியுமா என்பதுதான். உலகம் முழுக்க எடிட்டர்களுக்குத் தூக்கம் கெட்டது இந்த ஒரு இடத்தில்தான்.

ஃபிலிம் போனது மளமளவென்று நடந்தது. 2009-ல் 'உன்னைப்போல் ஒருவன்' ரெட் ஒன் கேமராவில் வந்தது. 2010-ல் அலெக்சா. 2013-ல் ஃப்யூஜிஃபிலிம் படப்பிடிப்புக்கான ஃபிலிம் விற்பதை நிறுத்தியது. நெகட்டிவ் கட்டிங் அறைகள் இருந்த இடத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட, கம்ப்யூட்டரில் கலர் சரிசெய்யும் டி.ஐ. அறைகள் வந்தன. இதையெல்லாம் நான் வருத்தத்தோடு சொல்லவில்லை. வெளிச்சம் குறைவான இடத்தில் இந்தக் கேமராக்கள் பிடித்துத் தரும் முகங்களை ஃபிலிமில் நாங்கள் நினைத்தும் பார்த்ததில்லை.

வந்தது இன்னொரு வகைக் கனம். அலெக்சாவின் அழுத்தப்படாத 2.8கே ராவில் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 7 எம்.பி. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 168 எம்.பி. ஒரு மணி நேரத்துக்கு 600 ஜி.பி. தொட்டுவிடும். அதே ஒரு மணி நேரத்தை டி.என்.எக்ஸ்.எச்.டி. 36-ல் ப்ராக்ஸியாக்கினால் 16 ஜி.பி. சொச்சம். எடிட்டரின் மடிக்கணினிக்கு எது போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, ரஷ் பிரிண்ட் வேறு பெயரில் திரும்ப வந்தது.

திரும்பும் வழியும் வேறு பெயரில் வந்தது. ரீலிங்க், கன்ஃபார்ம். மென்பொருள் பார்ப்பது மிகச் சில விஷயங்களைத்தான்: கோப்பின் பெயர், ரீல் பெயர், தொடக்க டைம்கோடு, நீளம், ஃப்ரேம் வேகம். ப்ராக்ஸியிலும் ராவிலும் இவை ஒன்றாக இருந்தால் ஒரு கிளிக்கில் முழு டைம்லைனும் அசலுக்கு மாறிவிடும். 2016-ல் பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருள் ப்ராக்ஸிக்கென்று ஒரு பொத்தானே கொடுத்தது. அமுக்கினால் நகல், மறுபடி அமுக்கினால் அசல். முதன்முதலாக அதைச் செய்து பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. கண்ணெதிரே மங்கல் விலகி, முகத்தில் வியர்வைத் துளி தெரிந்தது. வெள்ளை உறைக்குள் வாரக்கணக்கில் நடந்த வேலை அது.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு படம். மெயின் கேமரா அலெக்சா. காருக்குள் எடுக்க ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா, மேலேயிருந்து எடுக்க ட்ரோன். அலெக்சா கோப்புகள் பிரச்சினையே பண்ணவில்லை. அலெக்சாவைத் தயாரிக்கும், 1917-லிருந்து சினிமாக் கருவி செய்யும் ஆரி, கேமரா எழுத்து, கார்டு எண், கிளிப் எண், தேதி, அந்தக் கேமராவின் அடையாளம் எல்லாவற்றையும் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டது. ஏ001சி003 என்று தொடங்கும் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எட்ஜ் நம்பர் நினைவுக்கு வரும். ஃபிலிமோடு வாழ்ந்தவர்கள் யோசித்து வைத்த பெயர்.

சின்ன கேமராவுக்கு அந்தப் பாடம் இல்லை. மெனுவில் எண் தொடர்ச்சியை அமைக்காததால், கார்டை ஃபார்மேட் செய்யும் ஒவ்வொரு தடவையும் மறுபடி சி0001-லிருந்து தொடங்கியது. டைம்கோடும் பூஜ்யத்திலிருந்து. படப்பிடிப்பு நடந்த நாள்தோறும் ஒரு சி0001 பிறந்தது, ஒரு சி0002 பிறந்தது. ஸ்பாட்டில் ப்ராக்ஸி போட்டவர் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் கொட்ட, பெயர் மோதும்போது கம்ப்யூட்டர் தானாக ஓர் எண்ணை வாலில் ஒட்டியது. ப்ராக்ஸிக்கு ஒரு பெயர், ராவுக்கு வேறு பெயர். டி.ஐ. அறையில் ரீலிங்க் போட்டபோது பாதி கிளிப்புகள் சிவப்பாக, 'மீடியா ஆஃப்லைன்' என்று வந்தன.

சிவப்பைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாது என்பேன். கிடைக்கவில்லை என்று அது வாய்விட்டுச் சொல்கிறது. தேடிக் கொடுத்துவிடலாம். ஆபத்து அந்த மற்றப் பாதியில் இருந்தது. அவையெல்லாம் லிங்க் ஆகிவிட்டன, வேறொரு நாளின் சி0007-ஓடு. பெயர் பொருந்துகிறது, டைம்கோடு பொருந்துகிறது, நீளமும் போதுமானதாக இருக்கிறது. மென்பொருளுக்குத் திருப்தி. காருக்குள் கதாநாயகி ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அதே கார், அதே புடவை, ஆனால் வேறு காட்சி. கலர் சரிசெய்ய உட்கார்ந்தவருக்குக் கதை தெரியாது. அவர் பார்த்தவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது.

பிடித்தது என்னோடு இருந்த உதவியாளர். சினிமாப் படிப்பு முடித்துவிட்டு நேராக வந்த பெண். ப்ராக்ஸி வடிவத்தை ஒரு பக்கமும் ராவில் வந்ததை இன்னொரு பக்கமும் ஓட்டி, ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தார். கார் ஜன்னலில் ஒரு மஞ்சள் பலகை கடந்து போகிறதா, கண்ணாடியில் தொங்கும் மணிமாலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினார். "சார், இது நாலாம் நாள் கார்டு இல்ல, ஆறாம் நாள். மாலை இந்தப் பக்கம் ஆடுது" என்றார். அந்த ஆறு ஃப்ரேம் துண்டுகளுக்காக ரீலை ஒவ்வொரு ஃப்ரேமாகத் தேடியவர்களின் கண் அது. நடுவில் இத்தனை கருவிகள் வந்து போயும் கடைசியில் அந்தக் கண்தான் படத்தைக் காப்பாற்றியது. அந்தப் பெண்ணின் பெயரைப் படத்தின் டைட்டிலில் தனி வரியாகப் போடச் சொல்லி நான் சண்டை போட்டேன். போட்டார்கள்.

இன்னும் சின்னச் சின்னத் தொல்லைகள் உண்டு. ப்ராக்ஸியில் ஃப்ரேமைப் பெரிதாக்கி நகர்த்தியிருப்போம், ராவின் அளவு வேறு என்பதால் தலை வெட்டுப்படும். ட்ரோனில் 50 ஃப்ரேமில் எடுத்து வேகம் மாற்றிய ஷாட்டுகள் ஒரு ஃப்ரேம் முன்னும் பின்னும் தள்ளாடும். இவை கைவேலை, உட்கார்ந்தால் முடிந்துவிடும். எண்ணின் விஷயம் அப்படியில்லை. தொழிற்சாலை கொடுத்த எண் போய், இரவு பதினோரு மணிக்கு லாட்ஜ் அறையில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பி கொடுக்கும் எண்ணாக அது மாறியிருக்கிறது. அன்றைக்குக் கூலி குறைவான வேலை எதுவோ, அதில் அவரை உட்காரவைத்திருப்பார்கள். முழுப் படத்தின் விலாசமும் அவர் கையில் இருப்பது அவருக்கும் தெரியாது, தயாரிப்பாளருக்கும் தெரியாது.

அசல் என்றால் என்ன என்பதே மாறிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கும். நெகட்டிவ் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று ஓர் அடிகூட நம்மிடம் இல்லை. பழைய படங்களின் நெகட்டிவ்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் வினிகர் நாற்றத்தோடு உருகிப் போனதைக் கேள்விப்பட்டே வளர்ந்தோம். ஆனால் அவை கவனிப்பாரின்றி அழிந்தவை. இப்போது அசலை நாமே அழிக்கிறோம், அதுவும் இடம் வேண்டும் என்பதற்காக.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு தெருக்கூத்துக் கலைஞரைப் பற்றிய ஆவணப்படத்தை எடிட் செய்தேன். பெரியவர் இரவு முழுக்க ஆடுவார், விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டே பேசுவார். மணிக்கணக்கான பேச்சு. படத்தில் நாற்பது நிமிடம்தான் வைத்தோம். அது எச்.டி.யில் முடிந்து, திரையிடப்பட்டு, எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். அவர் காலமானபின், முழுப் பேச்சையும் நல்ல தரத்தில் ஓர் ஆவணமாக வைக்கலாம் என்று அவர் குடும்பம் கேட்டது. தயாரித்தவர்கள் ராவ் இருந்த டிஸ்க்குகளை எப்போதோ துடைத்து வேறு படப்பிடிப்புக்குக் கொடுத்திருந்தார்கள். படம்தான் முடிந்துவிட்டதே என்பது அவர்கள் நியாயம். என்னிடம் ப்ராக்ஸி இருந்தது. மங்கலான ப்ராக்ஸி, கீழே டைம்கோடு எரித்துப் போட்டது. அவர் குனிந்து பேசும்போதெல்லாம் அந்த எண்கள் அவர் வாயின் மேலேயே ஓடுகின்றன. ரீல் பெயர் இருக்கிறது, ஃப்ரேம் எண் இருக்கிறது. போய்ச் சேர இடம்தான் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு அதைத்தான் கொடுத்தேன். அவர் பேத்தி டைம்கோடைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

நகல் மிஞ்சி அசல் அழிவது சினிமாவில் எப்போதும் உண்டு. பழைய படங்கள் பல இன்று நமக்குக் கிடைப்பதே யாரோ வைத்திருந்த பிரிண்டால்தான். ஆனால் அந்தப் பிரிண்ட் திரைக்கென்று போட்டது, மரியாதையான நகல். ப்ராக்ஸி தூக்கிப்போடவே செய்தது. அதுதான் மிஞ்சும் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகப் போட்டிருப்போம். அந்தப் படத்துக்குப் பிறகு நான் வேலை செய்யும் எந்தப் படத்திலும் ப்ராக்ஸியின் முகத்துக்குக் குறுக்கே எண் போட விடுவதில்லை. மேலே கறுப்புப் பட்டையில் போடச் சொல்கிறேன். ராவை எல்.டி.ஓ. டேப்பில் எடுத்து வைக்கச் செலவாகும் என்பார்கள். ஒருநாள் படப்பிடிப்பில் சாப்பாட்டுக்கு ஆகும் செலவைப் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

இப்போதெல்லாம் படப்பிடிப்பு நடக்கும்போதே கேமராவிலிருந்து ப்ராக்ஸி நேராக இணையத்தில் ஏறிவிடுகிறது. ராமேஸ்வரத்தில் எடுக்கிற ஷாட்டை, அந்தக் கார்டு கேமராவை விட்டு வெளியே வருவதற்குள் சாலிகிராமத்தில் வெட்டிக்கொண்டிருக்கலாம். அருமையான வசதி. ஆனால் நகலுக்கும் அசலுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இதற்குமுன் இருந்ததில்லை. அதனால் படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை இல்லாமல் நான் வேலையை ஒப்புக்கொள்வதில்லை. எல்லாக் கேமராவிலும் ஒன்றிரண்டு கிளிப் எடுத்து, ப்ராக்ஸி போட்டு, நாலு வெட்டு வெட்டி, வேகம் ஒன்றை மாற்றி, அங்கேயே ராவுக்கு ரீலிங்க் செய்து, டி.ஐ. அறைவரை கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. கார்டு ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், எல்லாக் கேமராவிலும் அன்றைய நேரம் ஒன்றாக ஓட வேண்டும், நகல் எடுத்ததும் அது அசலோடு அப்படியே பொருந்துகிறதா என்று செக்சம் பார்க்காமல் எந்தக் கார்டையும் ஃபார்மேட் செய்யக் கூடாது. மிரர்லெஸ் கோப்புகளுக்குப் பெயர் மாற்றுவதென்றால் ப்ராக்ஸி போடுவதற்கு முன்னால் மாற்ற வேண்டும், அதற்குப் பிறகு ஒருபோதும் கூடாது.

போன வாரம் ஒரு புதுப் படத்தின் ட்ரோன் ஆபரேட்டர் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, டிஸ்க் குடுக்கறதுக்கு முன்னாடி ஷாட் பேரையெல்லாம் புரியற மாதிரி மாத்திரட்டுமா? கோபுரம் ஒண்ணு, கோபுரம் ரெண்டுனு?"

"ப்ராக்ஸி போட்டாச்சா தம்பி?"

"நேத்தே அனுப்பிட்டாங்கண்ணே."

"அப்ப எதையும் தொடாதீங்க. கோபுரம்னு ஒரு நோட்டுல எழுதுங்க. எந்தக் கார்டு, எந்த நம்பர், என்ன ஷாட், எத்தனை மணிக்கு எடுத்தீங்க. அந்த நோட்டையும் டிஸ்க்கோட அனுப்புங்க."

"நோட்டாண்ணே? கையால எழுதணுமா?"

"ஆமா தம்பி. கையாலதான்."